மூன்றாக மடித்தால் ஒரு போர்வை

நம் வீட்டு பீரோக்களில் பெரும்பாலும் கடைசித் தட்டு அதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். உடுத்தவும் முடியாமல், தூக்கிப் போடவும் மனம் வராமல் மடித்து வைத்த பருத்திச் சேலைகள். கொசுவம் தரையில் உரசி நைந்துபோன சுங்குடி. இடுப்பில் செருகும் இடத்தில் கிழிந்த கண்டாங்கி. ஒரு காலத்தில் என்ன நிறமாக இருந்தது என்று அம்மாவுக்கு மட்டுமே தெரிந்த ஒன்று. பக்கத்தில் அப்பாவின் வேட்டிகள், காலர் தேய்ந்த சட்டைகள். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் தெருவில் குரல் கொடுக்கும்போது இந்தத் தட்டைத் திறந்து பார்ப்போம். ஜரிகை போட்ட பட்டுக்கு அவர் காட்டும் ஆர்வத்தை நைந்த பருத்திக்குக் காட்டமாட்டார். மறுபடியும் மூடிவிடுவோம்.

ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தவருக்கு அந்த பீரோவிலேயே மதிப்பான தட்டு அதுதான்.

பழைய துணியில் தைப்பதைச் சிக்கனம் என்று நினைத்துத்தான் பலரும் தொடங்குகிறார்கள். சிக்கனம் உண்மைதான். ஆனால் தைக்க உட்கார்ந்த பிறகு தெரியவருவது வேறு. போர்வை தைக்க, பழகிய பருத்தியைவிட நல்ல துணி எந்தக் கடையிலும் கிடையாது. புதுத்துணி வாங்க வழியில்லாதபோது கைவைக்கும் மாற்றுப் பொருள் என்று இதைப் பார்ப்பது தவறு. இந்த வேலைக்கு முதல் தரமான பொருளே இதுதான்.

காரணம் எளிது. நெசவுக்கு முன் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். கடையில் எடுத்த புதுச் சேலை விறைப்பாக நிற்பதற்கு அந்தக் கஞ்சியும் ஒரு காரணம். சில சலவையில் அது போய்விடும், அதோடு துணியும் சுருங்கும். ஒவ்வொரு துணியும் ஒவ்வோர் அளவுக்குச் சுருங்கும் என்பதுதான் சிக்கல். பல விதப் புதுத்துணிகளை ஒட்டித் தைத்த போர்வையை முதல் முறை நனைத்ததும் ஒரு கட்டம் இழுத்துக்கொள்ளும், பக்கத்துக் கட்டம் உப்பிக்கொள்ளும். நடுவில் ஒரு சிவப்புச் சாயம் விட்டுவிட்டால் சுற்றியுள்ள வெள்ளை அத்தனையும் போச்சு. வருடக்கணக்கில் துவைத்து வெயிலில் காய்ந்த சேலையிடம் இந்தத் தொல்லைகள் மிச்சமில்லை. சுருங்க வேண்டியது சுருங்கியாயிற்று, போக வேண்டிய சாயம் போயாயிற்று. இழைகள் இளகியிருப்பதால் ஊசி தடையில்லாமல் இறங்கும். கையால் தைப்பவருக்கு இந்த வித்தியாசம் முதல் வரிசையிலேயே விரல்நுனியில் தெரிந்துவிடும்.

நம் பாட்டிமார் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் சுற்றமாட்டார்கள். நைந்த வேட்டியோ பழஞ்சேலையோதான் முதல் துணி. தூளி கட்டுவதும் பழகிய பருத்திச் சேலையில். புதுச்சட்டையெல்லாம் பேர் வைக்கும் நாளுக்கு. பிஞ்சு உடம்பில் விறைப்பும் சாயமும் படக்கூடாது என்ற அனுபவ அறிவு அது. பீகாரில் முசாஃபர்பூர் பக்கம் சுஜனி என்று ஒரு வழக்கம் உண்டு. பழைய துணிகளை அடுக்கித் தைத்து, பிறந்த குழந்தையை அதில் கிடத்துவார்கள். கந்தல்களுக்கென்றே சிதிரியா மா என்ற தெய்வமும் அங்கே இருக்கிறாள். குழந்தைக்குப் பழந்துணி என்பது ஏழ்மைக்காக மட்டும் வந்த வழக்கமாக இருந்தால் அதற்கு ஒரு தெய்வம் வாய்த்திருக்காது.

வெளிச்சத்துக்கு எதிரே

துணியைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை. சேலையைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழைகள் விலகி வெளிச்சம் சிதறி வரும் இடங்கள் தெரியும். அங்கே இரண்டு கட்டைவிரல்களையும் அருகருகே வைத்து மெல்ல இழுத்தால், இழை பிரியும் மெல்லிய சத்தம் கேட்கும். அந்த இடத்தை ஒதுக்கிவிடலாம். சத்தம் வராத இடமெல்லாம் இன்னும் பல வருடம் உழைக்கக்கூடியது.

எந்த உடுப்பும் ஒரே சீராகத் தேய்வதில்லை. சேலையில் கொசுவத்தின் அடியும் இடுப்பில் செருகும் வரியும் முதலில் போகும். உள்சுற்றில் மறைந்திருந்த பகுதி கடைசிவரை திடமாக இருக்கும். கைலி, உட்காரும் இடத்தில் தேயும். சட்டையில் காலரும் கைமடிப்பும் போயிருக்கும், முதுகு நன்றாகவே இருக்கும். பேண்ட்டில் பையைப் பிரித்தெடுத்தால் அடியில் துணி வாங்கிய அன்றைய அடர்நிறத்தோடு இருக்கும். ஒரு வீட்டின் பழந்துணிகளை இப்படிப் பிரித்து வைக்கும்போது, யார் எப்படி உட்கார்ந்தார்கள், எந்தத் தோளில் பை மாட்டினார்கள், எந்த முழங்காலை ஊன்றி வேலை செய்தார்கள் என்பதெல்லாம் துணியிலேயே தெரியும். தைப்பதில் கிடைக்கும் மகிழ்ச்சியில் ஒரு பெரும்பங்கு, ஊசியை எடுக்கும் முன்பே இந்தப் பிரிக்கும் வேலையில் கிடைத்துவிடுகிறது.

பருத்தியா பாலியெஸ்டர் கலந்ததா என்று சந்தேகம் வந்தால், ஓரத்திலிருந்து நாலு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, ஒரு பாத்திரத்தின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். பாலியெஸ்டர் கெட்ட துணி இல்லை, பையும் மிதியடியும் தைக்க அருமையாக உழைக்கும். உடம்பை ஒட்டிக் கிடக்கும் போர்வையில் அது வேண்டாம் என்பது என் கருத்து. வியர்வையை உறிஞ்சாது, பருத்தியோடு ஒட்டினால் வழுக்கும், இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் சுருங்கும்.

அடுத்தது, வெட்டாதீர்கள், கிழியுங்கள். ஓரத்தில் கத்தரியால் ஒரு விரற்கடை கீறிவிட்டு இரண்டு கையாலும் இழுத்தால், சாதா நெசவுப் பருத்தி இழை ஓடும் வழியிலேயே நேராகப் பிளந்துகொண்டு போகும். அளவுகோலும் சாக்பீஸும் தேவையில்லை. ஜவுளிக்கடைகளில் ஜாக்கெட் துணியைக் கிழித்துக் கொடுப்பதை எல்லோரும் பார்த்திருப்போம், அதே வித்தைதான். சேலையில் கரை வரும் இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். அங்கே நெசவு நெருக்கமாக இருக்கும், ஜரிகை இருந்தால் இழுத்துக்கொள்ளும். கரையைக் கத்தரியால் தனியாக எடுத்து வைத்துக்கொண்டால் போர்வையின் ஓரத்துக்கு அதைவிடப் பொருத்தமான பட்டை வேறு கிடைக்காது.

முதல் முறை தைப்பவர்கள் ஒட்டைப் பற்றியும் கட்டத்தைப் பற்றியும் யோசிக்கவே வேண்டாம். ஒரே சேலை போதும். 5.5 மீட்டர் சேலை என்பது 18 அடி. அதை மூன்றாக மடித்தால் ஆறு அடி நீளம், கிட்டத்தட்ட நாலடி அகலம், மூன்று அடுக்கு. ஓர் ஆள் போர்த்திக்கொள்ளும் அளவு, வெட்டு என்ற பேச்சே இல்லை. மார்கழிக் குளிருக்கும், மின்விசிறிக் காற்று உறைக்கும் விடியற்காலைக்கும் நம் ஊரில் இந்தக் கனம் போதும். மேல்பக்கத்தில் ஏதாவது நைந்த இடம் வந்துவிட்டால் சட்டையின் முதுகிலிருந்து ஒரு துண்டு எடுத்து, ஓரங்களை உள்ளே மடித்து அதன்மேல் வைத்துத் தைத்துவிடுங்கள். முதல் ஒட்டு இப்படித்தான் வருகிறது. இரண்டாவது ஒட்டை எங்கே வைக்கலாம் என்று கண் தானாகவே தேட ஆரம்பிக்கும்.

தைக்கும் முறையில் மந்திரம் ஒன்றுமில்லை. துணியைத் தரையில் விரித்து, நடுவிலிருந்து வெளிப்புறமாகக் கையால் நீவிச் சுருக்கத்தையெல்லாம் ஓரத்துக்குத் தள்ளுங்கள். நாலு மூலையிலும் கனமான பாத்திரங்களை வைக்கலாம். ஒரு சாண் இடைவெளியில் பெரிய பெரிய கச்சாத் தையல் போட்டு அடுக்குகளை நகராமல் பிடித்துக்கொள்ளுங்கள். இதையும் நடுவிலிருந்தே தொடங்க வேண்டும், ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி கூடிக்கொள்ளும். பிறகு ஓடு தையல். ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டே போவதுதான், ஒவ்வொன்றும் ஓர் அரிசி நீளம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகாது. மெஷினுக்குப் போடும் மெல்லிய நூல் போர்வைக்குத் தாங்காது, தடித்த பருத்தி நூலோ பூவேலைக்கு வாங்கும் நூல்கண்டில் மூன்று இழையோ எடுத்துக்கொள்ளுங்கள். வங்காளத்துப் பெண்கள் காந்தா தைக்கும்போது நூல்கூட வாங்கவில்லை. பழைய சேலைக் கரையிலிருந்தே வண்ண இழைகளை உருவி, அந்த நூலால் வெள்ளைச் சேலை அடுக்குகளின்மேல் தாமரையும் யானையும் தேரும் தைத்தார்கள். காந்தாவில் துணி முழுவதும் மெல்லிய அலையாக நெளிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நெருக்கமான ஓடு தையல் ஒவ்வொன்றும் துணியை ஒரு நூலளவு இழுத்துப் பிடிப்பதால் வரும் நெளிவு அது. குளிருக்கும் அது நல்லது, அடுக்குகளுக்கு இடையே காற்று தங்கும்.

இரண்டு மூன்று வரிசை ஓடியபின் கை தன் வேகத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். கண்ணுக்கு வேலை இருக்கும், காது சும்மா இருக்கும். பாட்டுக் கேட்கலாம், பக்கத்தில் இருப்பவரோடு பேசலாம், பேசாமலும் இருக்கலாம். கைபேசியைப் பார்க்க முடியாது. இன்றைக்கு அதுவும் ஒரு வரம் என்றே சொல்வேன்.

காட்டோரத்துக் கவந்தி

ஒட்டுப்போர்வை என்றதும் பலருக்கு அமெரிக்காவோ இங்கிலாந்தோ நினைவுக்கு வருகிறது. நமக்குப் பக்கத்து மாநிலத்திலேயே உலகம் வியக்கும் ஒட்டுப்போர்வைகள் தைக்கப்படுகின்றன. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாபுரா, ஹளியாள், முண்டகோடு வட்டாரங்களில், காடுகளை ஒட்டிச் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். போர்ச்சுகீசியர் கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவந்தவர்களில் தப்பியோடிய பலர் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குள் வந்து நிலைத்தார்கள். இன்று அவர்களில் இந்துக்களும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு, கிறிஸ்தவர்களும் உண்டு. 2003-ல் இவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். வணங்கும் சாமி எதுவானாலும், இவர்கள் வீட்டுப் பெண்கள் தைப்பது ஒரே போர்வையைத்தான். அதன் பெயர் கவந்தி.

கவந்தி தைக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒரு பழைய சேலையை அடித்துணியாக விரிக்கிறார்கள். ஒரு மூலையில் தொடங்குகிறார்கள். கையில் கிடைத்த துண்டின் ஓரங்களை உள்ளே மடித்து, அடித்துணியோடு சேர்த்தே ஓடு தையல் போட்டுக்கொண்டு ஓரம் ஓரமாக நகர்கிறார்கள். ஒரு துண்டு முடியும் இடத்தில் அடுத்த துண்டு ஏறிக்கொள்கிறது. நாலு ஓரமும் சுற்றி வந்தபின் அடுத்த சுற்று அதற்கு உள்ளே, அதற்கடுத்தது இன்னும் உள்ளே. கடைசித் துண்டு நடுவில் வந்து உட்காரும்போது போர்வை முடிந்திருக்கும். மேலைநாட்டு முறையில் முதலில் மேல்துணியை மட்டும் கட்டம் கட்டமாக ஒட்டித் தைத்து முடிப்பார்கள். பிறகு அதன் அடியில் பஞ்சும் அடித்துணியும் வைத்து மூன்றையும் சேர்த்து மறுபடி தைப்பார்கள். கவந்தியில் ஒட்டுவதும் அடுக்குவதும் ஒரே தையலில் நடந்துவிடுகிறது. முன்கூட்டி வரைந்த படம் கிடையாது, ஒரே அளவாக வெட்டிய துண்டுகள் கிடையாது. அடுத்த துண்டு எது என்பதை அதற்கு முந்தைய துண்டின் நிறமும் மூட்டையில் மிச்சமிருப்பதும்தான் முடிவு செய்கின்றன.

நாலு மூலைக்கும் கடைசியில் ஒரு வேலை இருக்கிறது. துணியை முக்கோணமாக மடித்து, பல அடுக்காக மூலையில் தைப்பார்கள். ஃபூலா என்று பெயர். அது இல்லாத கவந்தி அம்மணமாக நிற்கிறது என்பது அவர்கள் கணக்கு. போர்வையின் சூட்டுக்கும் உறுதிக்கும் அந்த மூலைப்பூவால் ஒரு பயனும் இல்லை. மழை கொட்டும் காட்டோரத்தில், கூலி வேலைக்குப் போய்த் திரும்பி, குடும்பம் குளிரில் நடுங்காமல் இருப்பதற்காகத் தைக்கிற போர்வை. அதில் அழகு இல்லாவிட்டால் வேலை முடிந்ததாகாது என்று அந்தப் பெண்கள் நினைக்கிறார்கள். தொட்டில் குழந்தைக்கான குட்டிக் கவந்திகளில்தான் வண்ணம் கொட்டிக் கிடக்கும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கலை வரலாற்றுப் பேராசிரியர் ஹென்றி ஜான் ட்ரூவல் இவற்றைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். 2011-ல் நியூயார்க்கின் ஷோம்பர்க் மையத்தில் கவந்திகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கும் நம்மில் பலர் அந்தப் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

வீட்டில் தைப்பவர்களுக்கு நான் இந்த முறையைத்தான் சிபாரிசு செய்வேன். இடம் வேண்டாம், மேஜை வேண்டாம். மடியில் வைத்துக்கொண்டே தைக்கலாம். பாதியில் நிறுத்தி அடுப்பைப் பார்த்துவிட்டு வரலாம். கணக்குப் போட வராதவர்களுக்கு இதைவிடத் தோதான முறை இல்லை.

ஆறு வளைந்து ஓடும் ஊர்

அமெரிக்காவின் தெற்கே, அலபாமா ஆறு பெரிதாக ஒரு வளைவெடுத்து மூன்று பக்கமும் சூழ்ந்து ஓடுகிற நிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. அடிமைகள் உழைத்த பருத்தித் தோட்டம் அது. 1845-ல் தோட்டத்தை வாங்கிய மார்க் பெட்வேயின் பெயரே அந்த மக்களுக்குக் குடும்பப் பெயராயிற்று. இன்றும் அந்த ஊரில் பெட்வேக்கள்தான் அதிகம். அடிமைமுறை ஒழிந்தபிறகும் குத்தகைக்காரர்களாக அதே மண்ணில் பருத்தி விளைவித்தார்கள். ஆனால் தங்கள் பிள்ளைகளுக்குப் புதுப் பருத்தித் துணியில் போர்வை தைக்க வழியில்லை. கிழிந்த வேலை உடுப்புகளையும், மாவு மூட்டை, உர மூட்டைத் துணிகளையும் ஒட்டித்தான் தைத்தார்கள். பலகை இடுக்குகளில் குளிர்காற்று நுழையும் வீடுகளில், ஒரு கட்டிலுக்குப் பல போர்வைகள் தேவைப்பட்டன.

நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிப் பட்டைகள், அதைச் சுற்றி இன்னும் பட்டைகள் என்று விரியும் ஓர் அமைப்பை அவர்கள் 'ஹவுஸ்டாப்' என்கிறார்கள். வழிவழியாக அந்த ஊர்ப் பெண்கள் தைத்துவருவது. ஆனால் ஒருவர் தைத்தது இன்னொருவருடையதைப் போல இருக்காது. பட்டை சற்றே சாயும், ஒரு பக்கம் திடீரென்று நிறம் மாறும், சதுரம் நடுவைவிட்டு நகர்ந்திருக்கும். வேலை உடுப்புப் போர்வைகளில், சட்டைப்பை இருந்த இடம் மட்டும் அடர்நீலமாகத் தெரியும், முழங்கால் இருந்த இடம் வெளுத்திருக்கும். துணி தேய்ந்த விதமே வடிவமாகிவிட்டது.

1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் இந்த ஊருக்கு வந்து பேசினார். அந்நாட்களில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனவர்களுக்குக் கிடைத்த பரிசு, ஆற்றைக் கடக்கும் படகுச் சேவை நிறுத்தப்பட்டதுதான். அது திரும்பி வந்தது 2006-ல். 1966-ல் இந்தப் பகுதிப் பெண்கள் 'ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ' என்ற கூட்டுறவை அமைத்தார்கள். 1972-ல் சியர்ஸ் நிறுவனத்துக்காக கார்டுராய் துணியில் தலையணை உறைகள் தைக்கும் வேலை வந்தது. வெட்டியது போக மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகள் வீடுகளுக்குப் போயின. அந்த ஊர்ப் போர்வைகளில் துருச்சிவப்பும் பொன்மஞ்சளும் பச்சையுமாக ஒரு புதுப் பருவமே அதிலிருந்து தொடங்கியது. எங்கே துணி மிஞ்சுகிறதோ அங்கே இவர்கள் கை போய்விடுகிறது.

2002-ல் இந்தப் போர்வைகள் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் தொங்கின. நவீன ஓவியத்தின் பெரிய பெயர்களோடு விமர்சகர்கள் இவற்றை ஒப்பிட்டார்கள். 2006-ல் அமெரிக்க அஞ்சல் துறை தபால்தலைகளாக வெளியிட்டது. 2007-ல் சில தையல்காரப் பெண்கள், தங்களுக்குச் சேரவேண்டிய பங்கு வரவில்லை என்று வழக்குத் தொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அது தீர்ந்தது. பழந்துணிக் கலைக்குப் பெயரும் பணமும் வரும்போது, ஊசி பிடித்த கையை யாரும் மறந்துவிடக்கூடாது. கவந்தியோ காந்தாவோ விலைக்கு வாங்கும் நாமும் இதை மனதில் வைக்க வேண்டும். வாரக்கணக்கில் ஒருவர் குனிந்து தைத்ததைப் பேரம் பேசிக் குறைப்பது நியாயமில்லை.

ஜீஸ் பெண்டின் போர்வைகளில் என்னை விடாமல் பிடித்திருப்பது மிசூரி பெட்வே 1942-ல் தைத்தது. அப்போது கணவர் இறந்திருந்தார். அவருடைய வேலைச் சட்டைகளையும் கால்சட்டைகளையும் பிரித்து, பட்டைகளாக்கி ஒட்டிப் போர்வையாக்கினார் மிசூரி. அவரை நினைத்துக்கொள்ளவும், அவருடைய அன்பை மேலே போர்த்திக்கொள்ளவும்தான் அம்மா அதைத் தைத்தார் என்று அப்போது பதின்வயதில் உடனிருந்து உதவிய மகள் அர்லோன்சியா பிற்காலத்தில் சொன்னார். நீலமும் சாம்பலும் வெளுத்த பழுப்புமாக, உழைத்து உழைத்துக் கறை ஏறிய துணி. அலங்காரம் என்று ஒன்றும் இல்லை.

நம்மில் சில வீடுகளில் இறந்தவர் உடுத்தியதை வைத்துக்கொள்ளக் கூடாது என்ற வழக்கம் உண்டு. அதை மதிக்கவேண்டிய இடத்தில் மதிக்கலாம். ஆனால் அப்படித் தடையில்லாத வீடுகளிலும் அந்தத் துணிகள் மூட்டையாகக் கட்டப்பட்டு, பரண்மேல் ஏறி, யாரும் பிரிக்கத் துணியாமல் கிடக்கின்றன. அந்த மூட்டையைப் பிரித்துத் தைக்கலாம் என்று தயங்காமல் சொல்வேன். அம்மாவின் சேலைகளில் பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு போர்வை. அப்பாவின் கோடுபோட்ட சட்டைகளில் ஒரு தலையணை உறை, அதில் பொத்தான் பட்டியை அப்படியே திறப்பாக வைத்துவிட்டால் பொத்தான் தைக்கும் வேலையும் மிச்சம். முதல் கிழிசலுக்குக் கை வராது. யாராவது கூட இருப்பது நல்லது. கிழித்த பிறகு வேலை நடக்கும். அழுதுகொண்டே தைத்தாலும் தையல் நேராகத்தான் விழுகிறது.

மெஷின் இருக்கும் வீடு

இவ்வளவு நேரம் கைத்தையலையே பேசினேன். காலால் மிதிக்கும் தையல் மெஷின் மூலையில் துணி மூடிக் கிடக்கும் வீடுகள் நம் ஊரில் ஏராளம். கல்யாணச் சீராக வந்தது, தையல் வகுப்பில் 'லோயர்' 'ஹையர்' பரீட்சைக்குப் படிக்க வாங்கியது, அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் கொடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு இருக்கும்.

இயந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்தி இந்த ஒன்றை மனதார ஏற்றார். 1924-ல் சாந்திநிகேதன் மாணவரான ஜி. ராமச்சந்திரன் அவரைச் சந்தித்து, எல்லா இயந்திரங்களையுமே எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். அந்த உரையாடல் 'யங் இந்தியா'வில் வந்தது. காந்தி விதிவிலக்காகச் சொன்னது சிங்கர் தையல் மெஷினை. மனைவி கையால் தைத்துத் தைத்துக் களைப்பதைக் கண்டு, அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்று காந்தி நம்பினார். கேள்வி கேட்ட அந்த ராமச்சந்திரன்தான் பின்னாளில் மனைவி டாக்டர் சௌந்திரத்தோடு சேர்ந்து, 1947-ல் திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தை நிறுவியவர்.

துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டுவதற்கு மெஷின் அருமை. பல அடுக்கைச் சேர்த்துத் தைக்கும்போதுதான் சிரமம். மேல்துணி முன்னால் ஓடும், அடித்துணி பின்தங்கும். 16-ஆம் நம்பர் ஊசி போட்டு, தையலைப் பெரிதாக வைத்து, போர்வையின் ஒரு பக்கத்தைப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி மெஷினின் கைக்கு அடியில் நுழைத்து மெதுவாக ஓட்டினால் சமாளிக்கலாம். என் பரிந்துரை, ஒட்டுவதை மெஷினில் முடித்துவிட்டு அடுக்குகளைக் கையால் தைப்பது. மெஷின் தையல் துணியை விறைப்பாக்கிவிடுகிறது, கைத்தையலில் துணி விட்டுக்கொடுத்து உடம்போடு படிகிறது.

வீட்டுப் பழந்துணி தீர்ந்துவிட்டால் தெருமுனைத் தையல்காரரிடம் கேளுங்கள். ஜாக்கெட் வெட்டிய மிச்சங்களை அவர் மூட்டையாகக் கட்டி வைத்திருப்பார். திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட் எடைக்குக் கிடைக்கும், மெஷின் துடைக்கத்தான் அதில் பெரும்பகுதி போகிறது. பனியன் துணி இழுபடும் என்பதால், நெய்த பருத்தித் துண்டு ஒன்றை அடியில் கொடுத்தே தைக்க வேண்டும். இப்போது புதுத்துணியை மீட்டர் கணக்கில் வாங்கி, சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, மறுபடி ஒட்டி, 'பேட்ச்வொர்க்' என்று விற்கிறார்கள். வாங்கித் தைப்பதற்கான பொட்டலங்களும் வருகின்றன. எனக்கு அது சம்மதமில்லை. ஒவ்வொரு புதுச்சாயத்துக்குப் பின்னாலும் தண்ணீர் இருக்கிறது. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, அந்தத் தண்ணீரே வேண்டாம் என்று விவசாயிகள் சொன்னதை நாம் பார்த்தோம். 2011-ல் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் பார்த்தோம். ஏற்கெனவே அந்த விலை கொடுத்துச் சாயமேற்றிய துணி வீடு நிறைய இருக்கும்போது, வெட்டுவதற்கென்றே புதிது வாங்குவானேன்?

குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பற்றி ஒரு வார்த்தை. பள்ளிகளில் தையல் டீச்சரின் வகுப்பு பெண்பிள்ளைகளுக்கு மட்டும் என்றே நீண்ட காலம் நடந்துவந்தது. பையன்களையும் உட்கார வையுங்கள். சாக்கு ஊசியும் உல்லன் நூலும் கொடுத்து, ஒரு பழைய துண்டில் நேர்க்கோட்டில் ஓட்டச் சொன்னால் ஏழெட்டு வயதுப் பிள்ளை ஆசையாகச் செய்யும். கோணலாக ஓடினால் பிரிக்கச் சொல்லாதீர்கள். அடுத்த வரிசை தானாக நேராகும். சட்டைப் பொத்தானைக்கூடத் தைக்கத் தெரியாமல் ஒரு பையனை வளர்ப்பது, அவனுக்கு நாம் செய்யும் குறை.

தைத்து முடித்த போர்வையைப் பீரோவில் பூட்டி வைக்கவேண்டாம், தினமும் போர்த்துங்கள். துவைக்கும்போது சாதாரணத் தண்ணீரில் தனியாக நனைத்து, முறுக்கிப் பிழியாமல், நல்ல பக்கம் உள்ளே வரும்படி இரட்டைக் கொடியில் பரத்திக் காயப்போடுங்கள். ஒற்றைக் கொடியில் ஈரக்கனம் தொங்கினால் தையல் இழுத்துக்கொள்ளும். எங்காவது ஒட்டு பிய்ந்தால் அன்றைக்கே அதன்மேல் இன்னொரு துண்டை வைத்துத் தைத்துவிடுங்கள். வருடங்கள் கழித்து மொத்தமாக நைந்துபோனால் அதையும் பிரிக்க வேண்டாம். அப்படியே நடு அடுக்காக வைத்து, மேலே ஒரு சேலை, கீழே ஒரு சேலை போட்டு அடுத்த போர்வையைத் தொடங்கலாம். உள்ளே இருப்பது ஏற்கெனவே தைத்தது என்பதால் நகராது, தையலை இரண்டு விரற்கடை இடைவெளியில் ஓட்டினாலே போதும்.